சைடு ஸ்டாண்டு போட்ட பைக் சாயாமல் நிற்க

போன ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் என் புல்லட் இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. காலையில் நிறுத்தும்போது தரை கெட்டியாகத்தான் இருந்தது. பந்தி முடிந்து கைகழுவி வெளியே வருவதற்குள் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது, ஸ்டாண்டின் பாதம் நாலு விரல்கடை மண்ணுக்குள் போய்விட்டது. கிளட்ச் லீவர் முறிந்ததைவிட, அந்த ஸ்கூட்டர்காரரின் முகத்தைப் பார்த்ததுதான் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சைடு ஸ்டாண்டில் வண்டி மூன்று இடத்தில் தரையைத் தொடுகிறது. முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் பாதம். இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் வண்டியின் பாரம் விழுகிறவரை அது நிற்கும். ஸ்டாண்டு இருக்கும் பக்கம் தரை தாழ்ந்தால் பாரம் பாதத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும், அந்தப் பக்கம் தரை மேடாக இருந்தால் வண்டி நெட்டுக்குத்தாக நின்று, யாராவது லேசாக இடித்தாலே வலப்பக்கம் விழும். வண்டி ரொம்ப நிமிர்ந்து நிற்பது நல்லதல்ல, கொஞ்சம் சாய்ந்து, பாரத்தை ஸ்டாண்டில் போட்டு நிற்பதுதான் நல்லது. ஸ்டாண்டு போட்ட பிறகு ஹேண்டிலை முழுசாக இடப்பக்கம் திருப்பிவிடுங்கள், அப்படியே லாக்கும் போட்டுவிடலாம்.

அடுத்தது சரிவு, நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்டாண்டு போடும்போது அதைக் காலால் முன்பக்கம் தள்ளுகிறோம், எடுக்கும்போது அது பின்பக்கமாக மடங்குகிறது. அப்படியென்றால் வண்டி முன்னால் உருண்டால் ஸ்டாண்டு தானாக மடங்கும், பின்னால் உருண்டால் இன்னும் இறுகும். ஆகவே மேட்டைப் பார்த்து நிறுத்துங்கள், இறக்கத்தைப் பார்த்து வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு முதல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள், கியர் பிடித்துப் பின்சக்கரம் நின்ற பிறகு ஸ்டாண்டைப் போடுங்கள். நியூட்ரலில் விட்டுவிட்டுப் போவது சமதரையில்கூட எனக்குப் பிடிக்காது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரில் பிடித்துக்கொள்ள கியர் கிடையாது, அதனால் சரிவில் சென்டர் ஸ்டாண்டு, அதுவும் மேட்டைப் பார்த்துதான். பிரேக் லீவரில் லாக் இருந்தால் அதையும் மாட்டிவிடுங்கள்.

இன்னொரு சரிவு கண்ணுக்கே தெரியாது. மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுகிறார்கள். நாம் போவதும் இடப்பக்கம், ஸ்டாண்டும் இடப்பக்கம். ஆக, சாலையோரமாக நீளவாக்கில் நிறுத்தினால் பள்ளமான பக்கத்தில்தான் ஸ்டாண்டு வரும். இடம் இருந்தால் பின்சக்கரத்தை ஓரத்துக்குத் தள்ளி, முன்சக்கரம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மேட்டைப் பார்த்து நிறுத்தியதாகவும் ஆகிவிடும், திரும்ப எடுப்பதும் சுலபம்.

மண், மணல், சேறு, புல்தரை எதுவானாலும் பாதத்துக்கு அடியில் ஏதாவது கொடுக்காமல் நகராதீர்கள். தட்டையான கல், ஓட்டுத்துண்டு, பலகைத்துண்டு, ஒன்றுமில்லாவிட்டால் காலால் மிதித்து நசுக்கிய தேங்காய் மட்டை. நான் இப்போது உள்ளங்கை அளவில் ஒரு தடித்த பலகைத்துண்டை டூல்ஸ் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலில் தாரும் மண் மாதிரிதான், மதியத்தில் இளகிவிடும், கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி நிறுத்தினால் சாயங்காலம் குழி விழுந்திருக்கும். கனமான வண்டிக்கு இது இன்னும் முக்கியம். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ. வெல்டிங் பட்டறையில் பாதத்துக்கு அடியில் அகலமான பட்டை வைத்துக்கொடுப்பார்கள், நல்ல யோசனைதான், ஆனால் அளவு தடித்துவிட்டால் வண்டி நிமிர்ந்துவிடும், மடக்கும்போது வேறெதிலும் இடிக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கப்போகிறது, அல்லது ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் நெருக்கமாக விடுகிறீர்கள் என்றால் சென்டர் ஸ்டாண்டு நல்லது. தூக்கிப் போட முதுகைக் கொடுக்காதீர்கள். இடது கை ஹேண்டிலில், வலது கை பின்னால் கம்பியில், வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி அதன் இரண்டு பாதமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள், பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் ஏற்றுங்கள். வண்டி தானே ஏறி உட்காரும், கை பிடிமானத்துக்கு மட்டும்தான்.

ஸ்டாண்டையும் எப்போதாவது குனிந்து பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தால் ஓடும்போதே ஸ்டாண்டு தொங்கும், வளைவில் தரையில் இடித்தால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும். திருகும் இடத்து போல்ட் ஆடினாலோ பாதம் தேய்ந்திருந்தாலோ வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும். சர்வீஸுக்கு விடும்போது அங்கே கொஞ்சம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் குழந்தைகள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் போகவே போகாதீர்கள், அது ஹேண்டிலைத் திருப்பி விளையாடினாலே போதும். அரிசி மூட்டையைக் கட்டும்போதும் வலப்பக்கம் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விழுந்துவிட்டால், முதலில் சாவியை அணையுங்கள், பெட்ரோல் ஒழுகுகிறதா பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்துகிற வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். கனமான வண்டியைத் தனியாகத் தூக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு அண்ணனைக் கூப்பிடுங்கள்.