கேம் ஒரு பக்கம், கம்ப்ரஷன் ஒரு பக்கம்: பைக் எஞ்சின் பில்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினைப் பிரித்துப் பவர் ஏற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், அதாவது கலவையை இன்னும் இறுக அமுக்கும் பிஸ்டன். வால்வுகளைத் திறந்து மூடும் கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். வரிசையே தலைகீழ். வண்டி எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற கேமை எடுங்கள். கம்ப்ரஷன் கடைசியில், அந்தக் கேமுக்குத் தக்கபடி.

காரணம் இன்டேக் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழ் எல்லையைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்துதான் இருக்கும். அது மூடும் வரை சிலிண்டரில் எதுவும் உருப்படியாக அமுங்காது. பிஸ்டன் பெட்டியில் 11:1 என்று அச்சடித்திருப்பது முழு ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) வைத்துப் போட்ட கணக்கு. எஞ்சின் அதை அப்படியே பார்ப்பதில்லை.

67 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 56.5 மிமீ ஸ்ட்ரோக், 105 மிமீ கனெக்டிங் ராட் உள்ள ஒரு 199 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 20 சிசி. கம்ப்ரஷன் 11:1. இன்டேக் வால்வு கீழ் எல்லை தாண்டி கிராங்க் 40 டிகிரி சுழன்றதும் மூடினால், உண்மையில் அமுங்கும் அளவு 10.1:1. அதே எஞ்சினில் 70 டிகிரியில் மூடும் கேமைப் போட்டால் அது 8.3:1 ஆக இறங்கிவிடும். பிஸ்டன் மாறவில்லை, ஹெட் மாறவில்லை. கேம் மட்டுமே மாறியது. கீழ் ஆர்பிஎம்மில் வண்டி செத்துப்போனது போல இழுப்பது இதனால்தான். இந்தக் கேமோடு கம்ப்ரஷனை 12.5 ஆக்கினால் 9.4 கிடைக்கும். ஆனால் அதே 12.5-ஐ ஸ்டாக் கேமோடு போட்டால், மேட்டில் டாப் கியரில் த்ராட்டிலைத் திருகியதும் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடித்து எழும் தட்டல் சத்தம், கேட்கும்.

இது வெறும் அளவுக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. மேல் ஆர்பிஎம்மில் உள்ளே பாயும் காற்றின் வேகமே சிலிண்டரைக் கூடுதலாக நிரப்பும். இரண்டு கேம்களை ஒப்பிட இந்த எண் உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

டியூரேஷன் எண்ணில் ஏமாறுவது

டியூரேஷன் என்பது வால்வு திறந்திருக்கும் நேரம், கிராங்க் டிகிரியில். ஒரு கேம் 280 டிகிரி, இன்னொன்று 245 டிகிரி என்று போட்டிருந்தால் முதலாவதுதான் பெரிது என்று தோன்றும். வால்வு எவ்வளவு உயர்ந்த பிறகு அளந்தார்கள் என்பதைப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சிலர் வால்வு அசையத் தொடங்கியதிலிருந்து கணக்கிடுவார்கள். சிலர் 1 மிமீ லிஃப்ட்டில், சிலர் 1.27 மிமீ லிஃப்ட்டில். ஒரே கேமுக்கே இவற்றுக்கிடையில் 30, 40 டிகிரி வித்தியாசம் வரும். மேலே சொன்ன கணக்கிலும் இதே பொறி உண்டு: இரண்டு கேம்களின் மூடும் டிகிரியும் ஒரே லிஃப்ட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். கேமோடு வரும் தாளில் திறக்கும் டிகிரி, மூடும் டிகிரி, அளந்த லிஃப்ட் மூன்றும் இல்லையென்றால் அந்தக் கேமை வாங்காமல் இருப்பதே நல்லது.

பிஸ்டன் பெட்டியை நம்புவது

பெட்டியில் உள்ள விகிதம் ஸ்டாக் ஹெட், ஸ்டாக் கேஸ்கட் என்று வைத்துச் சொன்னது. நம் எஞ்சினில் ஏற்கனவே ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவது) நடந்திருக்கலாம், வால்வு சீட் ஆழமாக வெட்டப்பட்டிருக்கலாம். மேலே சொன்ன எஞ்சினில் 0.5 மிமீ உயரம் என்பது கிட்டத்தட்ட 1.8 சிசி, அவ்வளவு குறைந்தாலே 11 என்பது 12 ஆகிவிடும். போரை 70 மிமீ ஆக்கி, மேலிடத்தை 20 சிசியாகவே விட்டால் அதுவும் 11.9 வரை ஏற்றிவிடும். கம்ப்ரஷனைத் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

அளப்பது ஒரு மணி நேர வேலை. பிளக்கையும் வால்வுகளையும் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவிய, துளையிட்ட கண்ணாடித் தகட்டை மேலே ஒட்டி, பியூரெட்டால் மெல்லிய எண்ணெய் ஊற்றி அளவெடுங்கள். கேஸ்கட்டின் அளவைக் கூட்டி, பிஸ்டன் மேடு உள்ளே அடைக்கும் அளவைக் கழியுங்கள். பிஸ்டன் தலையில் வால்வுக்கு வெட்டிய பள்ளங்கள் இருந்தால் அவற்றையும் கூட்டுங்கள்.

தடித்த கேஸ்கட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைப்பது

கம்ப்ரஷன் கூடிப்போச்சு, கீழே இன்னொரு பேஸ் கேஸ்கட் போட்டால் சரி என்பது எளிதாகத் தோன்றும் வழி. விகிதம் குறையும், நாக்கிங் அப்படியே இருக்கும், சில நேரம் கூடும். பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கு, அதாவது ஸ்குவிஷ், குறுகலாக இருந்தால்தான் கலவை நடுவுக்குத் தள்ளப்பட்டு வேகமாக எரியும். சின்ன பைக் எஞ்சின்களில் 0.8 முதல் 1.0 மிமீ நல்ல அளவு. 1.5 மிமீயைத் தாண்டினால் ஸ்குவிஷ் இருந்தும் இல்லாத மாதிரி. ஈயக் கம்பியை பிஸ்டன் பின்னின் திசையில் இரு பக்கமும் வைத்து எஞ்சினைச் சுற்றி, நசுங்கிய தடிமனை அளக்கலாம். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தவறான அளவு காட்டும். விகிதத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மேடு குறைந்த பிஸ்டன் தேடுங்கள், ஸ்குவிஷைக் கெடுக்காதீர்கள்.

ஹெட் இறங்கியதும் கேம் டைமிங்கை விட்டுவிடுவது

செயின் ஓட்டும் கேம் உள்ள எஞ்சினில் ஹெட் கீழே இறங்கினால் கேம் தாமதமாகும். 30 பல் ஸ்ப்ராக்கெட்டும் 6.35 மிமீ பிட்ச் செயினும் என்றால், 0.5 மிமீக்கு கிராங்கில் ஏறக்குறைய 2 டிகிரி. ஒரு பல் மாற்றிச் சரிசெய்ய நினைப்பவர்கள் கவனிக்க: அந்த ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கிராங்கில் 24 டிகிரி. போல்ட் துளையை நீளமாக்கிய ஸ்ப்ராக்கெட், டிகிரி வீல், டயல் கேஜ் மூன்றும் வேண்டும். டிடிசியை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளியை, கண்ணால் பார்த்துக் குறிக்காதீர்கள். பிளக் துளையில் ஸ்டாப்பர் மாட்டி, இரு திசையிலும் முட்டும் டிகிரியைக் குறித்து நடுப்புள்ளியை எடுங்கள்.

வால்வு முட்டுவது

லிஃப்ட் கூடிய கேமில் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து அளக்காமல் எஞ்சினை மூடக் கூடாது. இன்டேக்கில் குறைந்தது 1 மிமீ, எக்ஸாஸ்ட்டில் 1.5 மிமீ இடைவெளி வேண்டும். மிக நெருக்கமான இடம் டிடிசியில் இருக்காது. இன்டேக்குக்கு சுமார் 10 டிகிரி தாண்டி, எக்ஸாஸ்ட்டுக்கு சுமார் 10 டிகிரி முன்னால். ஆகவே கேம் டைமிங்கை இறுதி செய்த பிறகே இந்த அளவை எடுங்கள். முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றனவா, ரிட்டெய்னர் ஆயில் சீலில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பயத்தில் மிகக் கடினமான ஸ்பிரிங் போடுவதும் தவறுதான். கேம் லோபும் ராக்கரும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

முடித்த பின் கம்ப்ரஷன் கேஜ் வைக்கும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கட்டும், எஞ்சின் சூடாக இருக்கட்டும். கேமில் தானியங்கி டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்யும்போது வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு) இருந்தால் கேஜ் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஹெட்டை இன்னும் இறக்கப் போகாதீர்கள். முதல் ஓட்டத்துக்கு இக்னிஷன் அட்வான்ஸை இரண்டு மூன்று டிகிரி குறைத்து வைத்து, ஒரு படி குளிர்ந்த பிளக் போடுங்கள். ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளிகளோ மினுக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால், காதுக்குக் கேட்காமலே உள்ளே நாக்கிங் நடக்கிறது.