திறந்த நிலப்படத் தரவைக் கொண்டு மைன்கிராஃப்ட் உலகம் அமைக்கும் முறை

உண்மையான ஓர் ஊரை கட்டைகளை அடுக்கி உலகம் அமைக்கும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டிலோ, அதைப் போன்ற கட்டற்ற மென்பொருளான லுவான்டியிலோ எழுப்ப விரும்புவோர் ஒவ்வொரு கட்டையாகக் கையால் அடுக்க வேண்டியதில்லை. 2004இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலை, கட்டடம், நீர்நிலை, காடு ஆகியவை ஆயத்தொலைவுகளுடன் பதிவாகியுள்ளன. விளையாட்டில் ஒரு கட்டையின் பக்கம் ஒரு மீட்டர் என்பதால், அந்தத் தரவை ஏறத்தாழ அப்படியே கட்டைகளாக மாற்றிவிடலாம். டென்மார்க் அரசின் நில அளவைத் துறை, தன்னிடமிருந்த தரவைக் கொண்டு 2014இல் நாடு முழுவதையும் 1:1 அளவில் இவ்வாறு உருவாக்கி வெளியிட்டது.

முதல் முயற்சிக்குச் சிறிய பகுதியே போதும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு உலகத்தை 512க்கு 512 கட்டைகள் கொண்ட கோப்புகளாகப் பிரித்துச் சேமிப்பதால், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் சதுரம் கையாள எளிது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் ஏற்றுமதிப் பக்கத்தில் அந்தச் சதுரத்தைக் குறித்துக் கோப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நிரல் எழுத விரும்பாதவர்கள் ஆர்னிஸ் என்ற திறமூலக் கருவியில் பகுதியைத் தேர்ந்தெடுத்தாலே உலகம் தயாராகிவிடும். ஆயினும் உள்ளே நடப்பது தெரிந்தால்தான் விளைவில் காணும் பிழைகளைத் திருத்த முடியும்.

பிழைகள் பெரும்பாலும் ஆயத்தொலைவு மாற்றத்தில் நுழைகின்றன. தரவு பாகைகளில் இருக்கிறது. நமக்கு வேண்டியது மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் சுமார் 111 கிலோமீட்டர்; தீர்க்கரேகையில் அது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் குறுகி, 60ஆம் பாகையில் பாதியாகிவிடுகிறது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் வீழலை (உருண்டையான புவியைத் தட்டையாக வரையும் ஒரு முறை) அப்படியே எடுத்துக்கொண்டால் அங்கே ஒவ்வொரு வீடும் நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்காகும். ஆகவே மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில் அப்பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றுவதே சரி; கியூஜிஐஎஸ் மென்பொருள் இதைச் செய்து தரும். விளையாட்டில் எக்ஸ் அச்சு கிழக்கு நோக்கியும் இசட் அச்சு தெற்கு நோக்கியும் வளர்வதால், வடக்கு நோக்கிய மதிப்பின் குறியை மாற்ற வேண்டும். மறந்தால் ஊர் கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழாகும்.

நில உயரம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முழுமையாகக் கிடைக்காது. அதற்கு, 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் தரவை நாடலாம். அதில் புள்ளிகளின் இடைவெளி ஏறத்தாழ 30 மீட்டர். இடைப்பட்ட உயரங்களைக் கணக்கிட்டு நிரப்பாவிட்டால் மலைச்சரிவு அகன்ற படிக்கட்டாகத் தெரியும். ஜாவா பதிப்பின் உயர வரம்பு மொத்தம் 384 கட்டைகளே என்பதால், பகுதியின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கழித்துவிட்டே அடுக்கத் தொடங்குங்கள்.

நிலம், நிலப்பயன்பாடு, நீர், சாலை, கட்டடம், மரம் என்ற வரிசையில் இடுவது நல்லது. பின்னால் வருவது முன்னதை மூடும். சாலைகள் தரவில் பெரும்பாலும் அகலமற்ற கோடுகளாகவே இருப்பதால் வகைக்கேற்ற அகலத்தை நீங்களே தீர்மானிக்க வேண்டும். முற்றம் உள்ள கட்டடங்கள் உள்வளையத்துடன் தனி உறவாக (பல கோடுகளை ஒரே பொருளாக இணைக்கும் பதிவு) இருக்கும். அதைப் படிக்காத நிரல் முற்றத்தையும் கூரையால் மூடிவிடும். சரிவில் நிற்கும் வீட்டுக்குச் சுற்றெல்லையின் தாழ்ந்த புள்ளியை அடித்தளமாகக் கொண்டு, கூரையை ஒரே மட்டத்தில் வையுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நில உயரத்தைத் தனித்தனியே கூட்டினால் கூரையும் நிலத்தோடு சேர்ந்து சரியும்.

மாடி எண்ணிக்கை குறிக்கப்படாத கட்டடங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் எழும். நேரில் எண்ண முடிந்தால், அந்த எண்ணிக்கையை விளையாட்டில் திருத்துவதைவிட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்ப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. அடுத்து அதே ஊரை எடுப்பவருக்கும் அது பயன்படும். பதிப்புரிமை உள்ள வேறு வரைபடங்களைப் பார்த்து அங்கே எதையும் நகலெடுக்கக் கூடாது. உலகத்தைப் பிறருடன் பகிரும்போது, தரவு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுடையது என்பதையும் ஓடிபிஎல் எனும் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வருவது என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.