பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் காஞ்சனபுரி: சயாம் மரண ரயில் பாதையும் ஆற்று வாழ்க்கையும் பார்த்துவர ஒரு வழிமுறை

பாங்காக் செல்லும் தமிழர்களில் பலர் காஞ்சனபுரிப் பக்கம் போவதே இல்லை. போகிறவர்களும் குவாய் (குவே) நதிப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாலத்தின் வழியே போகும் ரயில் பாதையைப் போடத்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளின் கதையைச் சொல்லிப் பழகியவர்கள். நம்மவர்களைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்து போக உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

இதே பயணத்தில் ஆற்றையும் பார்க்கலாம். காஞ்சனபுரியில் குவே யாய், குவே நொய் என்ற இரண்டு ஆறுகள் கூடி மே குளோங் ஆகின்றன. அந்த ஆற்றுநீர் பாயும் கால்வாயில்தான் டாம்னோன் சாடுவாக் மிதக்கும் சந்தை இருக்கிறது. காலையில் சந்தை, பகலில் போர்க்கால இடங்கள், மாலையில் ரயில் என்று ஒரு நாளை அமைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: புறப்படும் முன் இவ்வளவாவது தெரிந்துகொள்ளுங்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது நேசநாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்தானதாகிவிடவே, தாய்லாந்தின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்புசயாத் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டி ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அந்த வேகத்தின் விலை மனித உயிர்கள்.

போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இங்கே உழைத்தார்கள்; 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 2 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எனப் பலரும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத காலம் அது. கூலி தருவோம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். வராதவர்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எந்த முகாமில் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்து வைத்தாவது குறித்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு எலும்புகளைத் தேடி எடுத்துக் கல்லறை கட்ட முடிந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி எழுதி வைக்க ஆள் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாக மடிந்தவர்கள் பெயரில்லாமலே மண்ணுக்குள் போனார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், காஞ்சனபுரியில் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாமல் போனது எது என்று உங்களுக்கே விளங்கும்.

இரண்டாம் படி: எந்த மாதிரிச் சுற்றுலா?

வேனில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து அழைத்துப் போகும் கூட்டுச் சுற்றுலா மலிவு. ஆனால் எல்லா இடத்திலும் விரட்டுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் பதினைந்து நிமிடம், பாலத்தில் அரை மணி என்று கணக்கு வைத்திருப்பார்கள். குடும்பமாகவோ நண்பர்களாகவோ நான்கு பேர் இருந்தால் வழிகாட்டியுடன் தனி வண்டி எடுப்பதே நல்லது. ஆளுக்கு வரும் செலவில் பெரிய வித்தியாசம் இராது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், படகு, சாப்பாடு இவற்றில் எவை சேர்த்தி? வழிகாட்டி நாள் முழுவதும் கூட வருவாரா, அல்லது ஓட்டுநர் மட்டுமா? அவரிடம் அரசு உரிமம் இருக்கிறதா? தாய்லாந்தில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அதற்கான அட்டையை அணிந்திருப்பார்கள். வழியில் யானைச் சவாரி, நகைக் கடை என்று எதையாவது நுழைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேறிடத்தில் தேவைப்படும்.

மிதக்கும் சந்தையையும், காஞ்சனபுரியிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி, இந்தப் பாதைக்காக மலையைப் பிளந்த இடமான ஹெல்ஃபயர் கணவாயையும் ஒரே நாளில் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். நாள் முழுக்க வண்டியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

மூன்றாம் படி: எடுத்துப் போக வேண்டியவை

தோளும் முழங்காலும் மறையும் பருத்தி ஆடை, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, தொப்பி, கொசு மருந்து, சில்லறையாகத் தாய்லாந்துப் பணமான பாட் நோட்டுகள். சைவம் சாப்பிடுகிறவர்கள் “ஜே” என்ற சொல்லை நினைவில் வையுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக அது எழுதியிருக்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இராது. மற்ற இடங்களில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும்.

நான்காம் படி: காலை, மிதக்கும் சந்தை

பாங்காக்கிலிருந்து டாம்னோன் சாடுவாக் சுமார் 100 கிலோமீட்டர். காலை ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். எட்டரைக்குள் சேர்ந்தால்தான் கூட்டம் நெருக்குவதற்குள் கால்வாயைக் கால்வாயாகப் பார்க்க முடியும்.

இந்தக் கால்வாய் 1866 முதல் 1868 வரை, நான்காம் ராமா மன்னர் காலத்தில், மே குளோங், தா சின் ஆறுகளை இணைப்பதற்காக வெட்டப்பட்டது. நீளம் 32 கிலோமீட்டர். அதிலிருந்து கிளைக் கால்வாய்கள் பிரிந்து தென்னந்தோப்புகளுக்கும் பழத்தோட்டங்களுக்கும் போகின்றன. இன்று நடுச் சந்தையில் விற்பவற்றில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கான பொருள்கள்தான். அதனால் ஏமாற்றம் வேண்டாம். படகுக்காரரிடம் கிளைக் கால்வாய்க்குள் போகச் சொல்லுங்கள். கூலியை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இயந்திரப் படகைவிடத் துடுப்புப் படகு நல்லது. மெதுவாகப் போகும், சத்தம் இல்லை. தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், வாசலில் கட்டிய படகு, படித்துறையில் பாத்திரம் கழுவும் பெண்கள், வீட்டுக்கு வீடு சிறு தெய்வ மாடம் என்று கால்வாய்க் கரையின் அன்றாட வாழ்க்கையை அங்கேதான் பார்க்கலாம்.

படகிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்கும் பாட்டிமார்களிடம் கனோம் க்ரோக் வாங்கிச் சாப்பிடுங்கள். குழிகள் கொண்ட சட்டியில் அரிசி மாவை ஊற்றி, அதன்மேல் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, வெங்காயத்தாளைத் தூவி மூடுகிறார்கள். அடி முறுகி, நடு குழைந்து, நம் குழிப்பணியாரத்தின் உறவுக்காரியாக இருக்கும். சிறு கரண்டியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒன்றாக்கி வாழையிலைத் தொன்னையில் வைத்துத் தருவார்கள். நாக்கு சுட்டுவிடும், பொறுத்துச் சாப்பிடுங்கள்.

ஒன்பதரைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: காஞ்சனபுரியில் எதை முதலில் பார்ப்பது

எல்லாரும் நேரே பாலத்துக்குப் போகிறார்கள். நான் சொல்வது வேறு வரிசை: அருங்காட்சியகம், கல்லறைத் தோட்டம், நடுகல், பிறகு பாலம். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் அந்த இரும்புக்குப் பொருள் உண்டு.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் இருக்கிறது. நகரிலுள்ள போர் அருங்காட்சியகங்களில் இதுவே சிறந்தது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதை போன வழியின் மாதிரிகள், முகாம்களின் வரைபடம், நோய்களைப் பற்றிய விளக்கம், ஆசியத் தொழிலாளர் பற்றிய செய்திகள் எல்லாம் முறையாக வைக்கப்பட்டுள்ளன.

அடுத்தது கல்லறைத் தோட்டம். இங்கே சுமார் 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்; பெரும்பாலோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் படையினர். தரையோடு ஒட்டிய கல்லில் வெண்கலத் தகடு, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் 22, 24, 27 என்று வரும். தேதிகளையும் பாருங்கள், 1943இன் நடு மாதங்கள் திரும்பத் திரும்ப வரும். நுழைவாயில் கட்டடத்தில், பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தாய்லாந்தின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவசரத்தில் பலரும் இதைப் பார்க்காமலே உள்ளே போய்விடுகிறார்கள்.

தோட்டம் முழுக்கத் தேடினாலும் மலாயாத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயரைக்கூட நீங்கள் காணமாட்டீர்கள். அவர்களுக்காகப் போக வேண்டிய இடம் பக்கத்திலேயே உள்ள வாட் தாவோன் வராராம் என்ற பௌத்தக் கோவில். இறந்த தமிழர்களின் நினைவாக 2023இல் அங்கே நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. வழக்கமான சுற்றுலாத் திட்டங்களில் இந்தக் கோவில் இராது. முன்பதிவு செய்யும்போதே பெயரை எழுதிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். கோவிலுக்குள் குரலைத் தாழ்த்தி, செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றி, வழிபடுவோருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொள்ளுங்கள். பூ வாங்கிப் போகலாம். மலேசியாவிலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு இது தாத்தாவின் அண்ணனையோ பாட்டியின் தகப்பனாரையோ நினைத்துக்கொள்ளும் இடம். அவர்களோடு போகிறவர்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

ஆறாம் படி: பாலம்

மதியச் சாப்பாட்டை ஆற்றின் மேல் மிதக்கும் உணவகங்களில் ஒன்றில் வைத்துக்கொண்டால் பாலம் கண்ணெதிரிலேயே இருக்கும்.

இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. 1944, 1945ஆம் ஆண்டுகளில் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசிப் பாலத்தின் சில கண்களை (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை) வீழ்த்தின. வளைந்த மேற்புறம் உள்ளவை பழையவை; நடுவில் நேர்க்கோடாக இருக்கும் இரண்டும் போருக்குப் பிறகு மாற்றப்பட்டவை. நடந்து போகும்போது இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இது இன்றும் ரயில் ஓடும் பாலம். ரயில் வரும்போது ஒதுங்கி நிற்க இடையிடையே மேடைகள் உண்டு. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இந்தப் பாலத்தை உலகறியச் செய்த 1957ஆம் ஆண்டு ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்படவில்லை, இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. படத்தில் பார்த்த கதையை இங்கே தேட வேண்டாம்.

பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவினர் 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. வேலையில் இறந்தவர்களுக்காக வைத்தது. அதைச் சூழ்ந்த சுவரில் பல மொழிக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் தமிழும் ஒன்று. சாகவிட்டவர்களே எழுப்பிய நினைவிடம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஆனாலும் போரின் நடுவிலேயே, இத்தனை தமிழர்கள் இங்கே இறந்தார்கள் என்பதை மறுக்க முடியாமல் கல்லில் எழுதினார்கள் அல்லவா? அதற்காகவே போய்ப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: ரயில்

பிற்பகலில் வண்டியில் தாம் க்ரசே நிலையத்துக்குப் போங்கள். குவே நொய் ஆற்றின் மேலே, பாறைச் சரிவை ஒட்டி, முந்நூறு மீட்டருக்கும் மேலாக மரத்தூண்களின் மீது பாதை வளைந்து போகிறது. நிலையத்தை ஒட்டியே புத்தர் சிலை உள்ள குகை. ரயில் வராத நேரத்தில் பாதையில் நடந்து, கைதிகள் கையால் உடைத்த பாறையைத் தொட்டுப் பார்க்கலாம்.

நாம் டோக் என்ற நிலையத்திலிருந்து பிற்பகல் மூன்றரையளவில் கிளம்பும் ரயில் இங்கே சிறிது நேரத்தில் வரும். நேரத்தை அன்று காலையிலேயே வழிகாட்டியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள், தாமதம் சகஜம். மூன்றாம் வகுப்பு மட்டுமே, மரப் பலகை இருக்கை, திறந்த சன்னல், மின்விசிறி. காஞ்சனபுரி நோக்கி வரும்போது வலப்பக்கம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். மரப்பாலத்தின் மீது ரயில் ஊர்ந்து போகும். பலகைகள் முனகுவது காதில் விழும். பாறை கைக்கெட்டும் தூரத்தில் உரசிப் போவதால் சன்னலுக்கு வெளியே தலையையோ கையையோ நீட்ட வேண்டாம். பிறகு மரவள்ளியும் கரும்பும் விளையும் வயல்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் கூடையோடு வரும் பெண்களும் ஏறி இறங்குவார்கள். அவர்களுக்கு இது வீட்டுக்குப் போகும் வண்டி.

ஓட்டுநரைக் காஞ்சனபுரி நிலையத்தில் வந்து காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். பாங்காக் சேர இரவு எட்டு மணியாவது ஆகும். வார இறுதியில் இன்னும் தாமதமாகலாம். அன்றிரவு விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு நாள் தங்க முடிந்தால்

காஞ்சனபுரியிலேயே ஆற்றங்கரையில் தங்குங்கள். மறுநாள் காலை ஹெல்ஃபயர் கணவாய்க்குப் போகலாம். உளியும் சம்மட்டியும் கொண்டு மலையைப் பிளந்த இடம் அது. இரவில் தீவெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் வேலை செய்த காட்சியால் அந்தப் பெயர் வந்தது. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் 1998 முதல் இருக்கிறது. நுழைவு இலவசம், காதில் மாட்டிக் கேட்கும் ஒலி விளக்கமும் இலவசம். மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். இறங்கி ஏற நிறையப் படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேலே மையத்திலேயே இருந்துகொள்ளலாம். திரும்பியதும் நீள்வால் படகு ஒன்றைப் பேசிக்கொண்டு குவே நொய் வழியாகச் சுங்காய் கல்லறைத் தோட்டம் வரை போய்வாருங்கள். முகாம் இருந்த இடத்திலேயே அமைந்த தோட்டம் அது. நகரத் தோட்டத்தைவிடச் சிறியது, கூட்டம் குறைவு. படகுத்துறையிலிருந்து சற்று நடந்தால் வாசல்.