இஸ்ஸா ஆரா, ஹேஸா ஹேவா? இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு

லீவ் லெட்டர், வேலைக்கு மெயில், ஆபீஸ் ரிப்போர்ட்னு எது எழுதினாலும் நம்ம திருநெல்வேலி பக்கத்துப் பிள்ளைங்க தடுமாறுற இடம் இந்த இஸ், ஆர், ஹேஸ், ஹேவ் தான். இங்கிலீஷ் வராததால இல்ல, தமிழோட வரிசை நமக்குள்ள அவ்ளோ ஊறிப் போயிருக்கு.

"அல்வா பாக்கெட்டுகளோட ரேட் கூடிருச்சு"ன்னு சொல்லுவோம்லா, அதுல எது கூடுச்சோ அந்த ரேட் வினைச்சொல்லுக்குப் பக்கத்துலயே நிக்கி. இங்கிலீஷ்ல "தி ரேட் ஆஃப் தி அல்வா பாக்கெட்ஸ்"னு ரேட் முன்னாடி போயிரும், வெர்ப் பக்கத்துல பாக்கெட்ஸ் வந்து உக்காந்துக்கும், கை தானா "ஹேவ் கான் அப்"னு எழுதிரும். அதனால வெர்ப் போடுறதுக்கு முன்னாடி எது கூடுச்சுன்னு கேளுங்க. ரேட் தானே, அது ஒண்ணு தானே, அப்போ "ஹேஸ் கான் அப்". இதையே திருப்பிப் பாருங்க, "தி பஸ்ஸஸ் ஃப்ரம் ஜங்ஷன் டு டவுன்"னு எழுதுனா லேட்டானது பஸ்கள், டவுன் இல்ல, அதனால "ஆர் லேட்". ஆஃப், ஃப்ரம், வித்னு ஆரம்பிக்கிற துண்டை விரலால மறைச்சிட்டு மிச்சத்தை வாசிச்சா முக்கால்வாசி தப்பு அங்கயே தெரிஞ்சிரும். "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்"லயும் ஆளு ஒன் தான், இஸ் போடுங்க.

ஆனா "எ லாட் ஆஃப்", "எ நம்பர் ஆஃப்" ரெண்டுக்கும் விரல் வைக்காதீங்க, அங்க பின்னாடி வர்றது தான் கணக்கு. "எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்" சரி. "தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்"னா மட்டும் இஸ்.

இன்னொண்ணு, பேச்சுல ஒரு மாடு வந்தாலும் வந்துச்சு, மாடெல்லாம் வந்தாலும் வந்துச்சு தான், அஃறிணைல ஒருமை பன்மை நம்ம காதுல விழாது, அதனால பொருளைப் பத்தி எழுதும்போது கூடுதலா ஒரு தடவை பாக்கணும். மனுஷங்க விஷயத்துல மரியாதை வந்து குழப்பும். "மேனேஜர் வந்திருக்காவ"ன்னு சொல்லிப் பழகுன நமக்கு "மேனேஜர் ஹேஸ் கம்"னு எழுத என்னமோ மட்டு மரியாதை இல்லாத மாதிரி இருக்கும், ஆனா எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும் ஒருத்தர்னா ஹேஸ் தான், மரியாதையை சார்ல, மேடம்ல காட்டிக்கலாம்.

எவ்ரிபடி, ஈச், நியூஸ், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் எல்லாமே ஒருமை. 500 ரூபாயை ஒரே தொகையா சொன்னா அதுவும் ஒருமை, "இஸ் இனஃப்". டஸ் வந்துட்டா அடுத்த வெர்புக்கு எஸ் வேண்டாம், "ஷி டஸ் நாட் கோ", கோஸ் கிடையாது.