பாய்ப்படகின் அவுட்போட் எஞ்சினைச் சேர்விஸுக்குக் கழற்றுவது எப்படி?

கொழும்பில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் குழப்பி வைத்திருக்கும். ஆகவே படகின் பின்புறத்தில் வெளியே பூட்டியிருக்கும் இந்த எஞ்சினைக் கழற்றும் வேலையை ஏப்ரலிலேயே, தண்ணீர் அடங்கிக் கிடக்கும் காலை நேரத்தில் முடித்துவிடுங்கள். படகு துறைமுகத்துக்குள் நின்றாலும் ஒரு கப்பலோ இழுவைப்படகோ கடந்து போகும்போது வரும் அலை, பாதி தூக்கிய எஞ்சினை ஊஞ்சலாட்டிவிடும். கொழும்புக்குத் தெற்கே உள்ள பொல்கொட வாவியில் அந்தத் தொல்லை குறைவு. நம் கடற்கரையில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தாண்டாது. அதனால் படகின் பின்பக்கத்தை இறங்குதுறையோடு அணைத்துக் கட்டினால் வேலை முடியும்வரை உயரம் பெரிதாக மாறாது. நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, இடைவெளியில் ஒரு பலகையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எடையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 4 முதல் 6 குதிரைவலு வரையான ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 25 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். 9.9 குதிரைவலு என்றால் 40 கிலோவை ஒட்டி வரும். பாய்ப்படகுகளில் பெரும்பாலும் 20 அங்குல நீள்தண்டு எஞ்சினே இருப்பதால் பிடிக்கவும் வசதியில்லை. பாரம் முழுவதும் மேலேயுள்ள தலையில், புரொப்பெல்லர் இருக்கும் கால் பகுதி தண்ணீரில். எஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகைக்கு வெளியே குனிந்து கையால் இழுத்துத் தூக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சின்ன எஞ்சினுக்கும் கப்பிதான் சரி.

முதல் வேலை கயிறு. எந்தத் திருகைத் தொடுவதற்கும் முன்னர், 10 மில்லிமீற்றர் கயிறொன்றை எஞ்சினின் தாங்கியைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைப் படகின் உறுதியான கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) தளர்வு இல்லாமல் கட்டுங்கள். எஞ்சின் கடலில் விழுவது பெரும்பாலும் தூக்கும்போது அல்ல. கடைசிச் சுற்றுத் திருகு கழன்று, தூக்கும் கயிறு இன்னும் பாரத்தை ஏற்காத அந்த இடைவெளியில்தான். எஞ்சின் கரையில் நிற்கும்வரை இந்தக் கயிற்றை அவிழ்க்கக் கூடாது.

கார்புரேட்டர் உள்ள எஞ்சினை ஓட விட்டு, பெற்றோல் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். கார்புரேட்டரில் மிஞ்சும் பெற்றோல் பின்னர் படகுக்குள்ளோ வாகனத்திலோ சிந்தாமல் இருக்க இதுவே வழி. டாங்க் எஞ்சினிலேயே இருந்தால் பெற்றோல் குழாயின் வால்வையும், மூடியில் உள்ள காற்றுத் திருகையும் இறுக்கி மூடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் பற்றரியின் மைனஸ் முனை முதலில், பிளஸ் பிறகு. ரிமோட் கேபிள்கள் இருந்தால் கியரை நியூட்ரலில் வைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு நிற டேப் சுற்றி, ஒரு படமும் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். எஞ்சினின் சாய்வை நிறுத்தி வைக்கும் டில்ட் பின் எந்தத் துளையில் இருந்தது என்பதும் அந்தப் படத்தில் தெரியட்டும்.

பாய்ப்படகுகளுக்கே உரிய ஓர் ஆபத்து, எஞ்சினை ஏற்றியிறக்கும், ஸ்பிரிங் வைத்த பிராக்கெட். எஞ்சினின் எடைதான் அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. கீழ்நிலையில் வைத்து எஞ்சினைக் கழற்றினால் பிராக்கெட் விசையோடு மேலே பாயும். விரலோ தாடையோ இடையில் இருந்தால் எலும்பு உடையும். பிராக்கெட்டை முழுவதும் மேலே உயர்த்திப் பூட்டிய பிறகே வேலையைத் தொடருங்கள்.

தூக்குவதற்குப் பூமையும் (பெரிய பாயின் அடியோடு நீளும் கிடைமரம்) மெயின்ஷீட் கப்பியையும் (அந்தப் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றின் கப்பி) பயன்படுத்தலாம். 4:1 கப்பியில் 40 கிலோ எஞ்சினுக்கு 10 கிலோ இழுவையோடு உராய்வுக்காகக் கொஞ்சம் சேர்த்தால் போதும். ஆனால் பூமின் நுனியைத் தாங்கும் மெல்லிய கயிற்றை நம்பாதீர்கள். பெரிய பாயை ஏற்றும் கயிற்றை அந்த நுனியில் மாட்டி இறுக்குங்கள். பூம் தன்பாட்டில் பக்கவாட்டில் ஓடாதபடி இரு புறமும் கயிறு கட்டி, அதை ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டும். தூக்கும் பட்டியை எஞ்சினின் மேல்மூடியில் மாட்டவே கூடாது, மூடியின் கொக்கி எஞ்சினின் எடைக்கானதல்ல. தூக்குவளையம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் தாங்கியின் கீழாகச் சுற்றிக் கட்டுங்கள். கால் பகுதியையும் கிளாம்ப் பகுதியையும் ஒரு சிறு கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள், இல்லையேல் தூக்கியதும் கிளாம்ப் ஆடி விரலைக் கடிக்கும்.

இப்போது கப்பியை இழுத்து, பட்டி விறைக்கும்வரை பாரத்தைக் கொடுங்கள். அதன் பிறகே திருகுகள். போல்ட் போட்டிருந்தால் அவை முதலில், கிளாம்ப் திருகுகள் கடைசியில்.

உப்புக்காற்றில் கிடந்த திருகுகள் சும்மா கழலாது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்துத் திருகைப் பிடித்துக்கொள்ளும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். திருகைச் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, மெல்ல மெல்ல வெளியே கொண்டுவாருங்கள். சுத்தியலால் அடித்தால் உடைவது திருகல்ல, வார்ப்பு அலுமினியக் கிளாம்ப்.

மேலே தூக்கியதும் எஞ்சினைச் சில நிமிடம் நிமிர்ந்தபடியே தொங்க விடுங்கள். குளிர்விக்கும் குழாய்களில் நிற்கும் உப்புநீர் அப்போதுதான் வடியும். உடனே சரித்து, கால் தலையைவிட உயர்ந்துவிட்டால் அந்த நீர் எக்ஸோஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் போய்த் துருவை ஆரம்பித்துவிடும். முச்சக்கரவண்டியிலோ வானிலோ படுக்கவைத்துக் கொண்டுபோவதானால் தலைப் பகுதியைப் பழைய டயரொன்றின் மீது உயர்த்தி வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கண்ட பக்கம் படுக்கவைக்க முடியாது. எந்தப் பக்கம் என்பது கைநூலிலோ எஞ்சினிலோ குறிக்கப்பட்டிருக்கும். மாறிப் படுத்தால் எஞ்சின் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கும்.

கரையில் ஒரு மரத் தாங்கி செய்து வையுங்கள். மேல்பலகை 40 மில்லிமீற்றர் தடிப்பு, நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரம்; நீள்தண்டு எஞ்சினின் அடித்துடுப்பு நிலத்தைத் தொடாது. நன்னீர் பீப்பாயில் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். கியர் ஒயிலை வடிக்கும்போது நிறத்தைப் பாருங்கள்: பால் கலந்ததுபோல் இருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. புதியதைக் கீழ்த்துளையிலிருந்து மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் போல்ட், நட், வாஷர் எல்லாம் கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். வோட்டர் பம்பில் நீரைத் தள்ளும் இம்பெல்லரை மட்டும் மலிவுக்காக வாங்காதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது திருகுகளுக்கு மரைன் கிரீஸ் பூசுங்கள். பின்பலகையின் போல்ட் துளைகளுக்குப் புது சீலன்ட் இடுங்கள். பழையதன் மேல் பூசினால் பலகையின் உள்மரம் ஊறிப்போகும். கிளாம்ப் திருகுகளைக் கையால் மட்டும் இறுக்கி, முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் பலகை சற்று அமுங்கி, பெரும்பாலும் அரைச் சுற்றாவது கிடைக்கும்.