நெல்லைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு: பயிற்சிக் கணக்கைச் சேர்ந்த வருடமே தொடங்குங்கள்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாச்சா? சரி, முதல் வேலையாக உங்கள் பதவி உயர்வுக் கணக்கைப் பாருங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளின்படி, நீங்கள் சேரும் ஊதிய நிலையான 10-லிருந்து 11-க்குப் போக பிஎச்டி இருந்தால் 4 வருடம், இல்லாமல் எம்ஃபில் மட்டும் என்றால் 5. அதற்குள் 21 நாள் ஓரியண்டேஷன் (புது ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சி) முடிக்கணும், கூடவே ஒரு ரெஃப்ரெஷர் (பாட அறிவைப் புதுப்பிக்கும் பயிற்சி), அல்லது அதற்குப் பதிலாகச் சான்றிதழோடு ஒரு ஆன்லைன் படிப்பு.

ஓரியண்டேஷனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வாரம் துறை உங்களை விடணுமே! செமஸ்டர் நடுவில் கேட்டால் துறைத்தலைவர் முகம் எப்படி மாறும் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் விடுமுறையை ஒட்டி வருகிற பேட்சாகப் பார்த்து, முதல்வரிடம் அனுமதிக் கடிதத்தை முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். இந்தப் பயிற்சிகளை நடத்துகிற பழைய மனிதவள மேம்பாட்டு மையங்கள்தான் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். ஆன்லைனிலும் நடத்துகிறார்கள், எனவே ஒவ்வொரு முறையும் சென்னைக்கோ கோவைக்கோ பெட்டி கட்ட வேண்டியதில்லை.

ஆன்லைன் படிப்பாக ஸ்வயம் (மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம்) படிப்பு எடுத்தால் தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்டணும். வீடியோ மட்டும் பார்த்தால் சான்றிதழ் வராது.

அப்புறம், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துறைகள் நடத்தும் பயிலரங்குகளையும் விடாதீர்கள். ஒருநாள் கருத்தரங்கு விதிப்படி பெரிதாக உதவாது. ஆனால் பிஎச்டி வழிகாட்டி அங்கே கிடைக்கலாம்.

சான்றிதழ்களை அன்றன்றே ஸ்கேன் செய்து வையுங்கள்.