டெர்மோஸ்கோப் வாங்கியாச்சு, செருப்பைக் கழற்றச் சொன்னீர்களா?

கைபேசியில் மாட்டித் தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மோஸ்கோப் என் கிளினிக்குக்கு வந்த முதல் மாதம், புது பம்பரம் கிடைத்த பையன் மாதிரிதான் இருந்தேன். காய்ச்சலுக்கு வந்தவர், பிபி மாத்திரைக்கு வந்தவர் என்று எல்லாருடைய கன்னத்து மச்சத்தையும், புற்று இருக்குமோ என்று 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். முகம், கழுத்து, முதுகு, எதையும் விடவில்லை. ஒருவரைக்கூட செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. சென்னையில் குடும்ப மருத்துவர் செய்யும் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளம்புகின்றன.

தோல் புற்று பற்றி நாம் படித்தது வெயிலில் வெந்த வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடம். தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றான மெலனோமா இந்தியாவில் அபூர்வம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. 1981-ல் 36 வயதில் இறந்தார்.

நம் ஊரில் அந்தப் பாதத்தைப் பார்ப்பதும் லேசில்லை. மருதாணி இருக்கும், நெயில் பாலிஷ் இருக்கும், கால் ஆணிக்கு ஒட்டிய பிளாஸ்டர் இருக்கும். மெட்டி உரசி இரண்டாவது விரல் கறுத்திருப்பது பெரும்பாலும் சாதாரணம்தான். அதற்காகப் பார்க்காமல் விடக்கூடாது. “மெட்டியைக் கழற்றுங்கம்மா” என்றால் முகம் மாறிவிடும். “கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கம்மா” என்றால் உடனே காட்டுவார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் நர்ஸம்மா.

பாதத்துப் புண்ணைக் காட்டி “சுகர் இருக்கு, அதான் ஆறலை” என்று நோயாளி சொல்வதை நாமும் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். நிறமே இல்லாமல், வெறும் சிவந்த சதையாக வரும் மெலனோமாவும் உண்டு. காலில் பாரம் விழாமல் பார்த்து, கட்டு மாற்றி, சர்க்கரையும் கட்டுக்குள் வந்த பிறகும் புண் ஆறவில்லையா? ஓரத்தில் மையைத் தீற்றிய மாதிரி கறுப்பு தெரிகிறதா? அடுத்த ஆன்டிபயாடிக் எழுத வேண்டாம், சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு அனுப்புங்கள். கால் ஆணி என்றும் மரு என்றும் மாதக்கணக்கில் செதுக்கப்படுகிறவையும் இதே கணக்குதான்.

சரி, பாதத்தில் கருவியை வைத்துவிட்டீர்கள். அங்கே முதுகு மச்சத்தின் விதிகள் செல்லாது. உள்ளங்கால் தோல் உழுத வயல் மாதிரி, வரப்பும் வாய்க்காலுமாக இருக்கும். நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வரப்பின் மேல் ஏறிப் பட்டை பட்டையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். எது எதுவென்று குழம்பினால் வியர்வைத் துளைகளைத் தேடுங்கள். வெள்ளைப் புள்ளிகளாக வரப்பின் நடுவில் வரிசையாக இருக்கும். அப்படியும் தெரியவில்லையென்றால் பேனா மையைத் தடவித் துடையுங்கள், மை வாய்க்காலில் தங்கிவிடும். சாதாரண மச்சத்துக்குரிய அமைப்பு தெளிவாக இல்லாமல் 7 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பயாப்சி செய்யச் சொல்கிறது ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த முறை.

நகத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நம் நிறத்துக்குப் பல நகங்களில் கறுப்புக் கோடு இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயமுறுத்தக்கூடாது. ஒரே நகத்தில் மட்டும் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோடு வேறு. நிறம் நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலில் கசிந்திருந்தால் தாமதிக்கவே கூடாது. “கதவுல இடிச்சுக்கிட்டேன் டாக்டர்” என்பதை நம்பலாம், ஆனால் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டு நம்ப வேண்டும். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். நகராமல் அங்கேயே நின்றால் இடித்த கதை போதாது.

இனி, படத்தைப் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்லும் ஏ.ஐ. செயலிகள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 தோல் படங்களைக் கொடுத்துப் புற்றை அடையாளம் காணக் கணினியைப் பழக்கியது, உலகமே பேசியது. பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தினரே ஒரு வேடிக்கையைச் சொன்னார்கள்: படத்தில் ஸ்கேல் இருந்தால் கணினி அதைப் புற்றுநோய் என்று சொல்லும் வாய்ப்பு கூடியது. சந்தேகமான மச்சத்துக்குத்தானே மருத்துவர்கள் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள்! பேனாவால் போட்ட குறியும் இப்படியே ஏமாற்றும் என்று பின்னொரு ஆய்வு காட்டியது. ஆகவே மேலே சொன்ன மைப் பரிசோதனைக்கு முன்பே படத்தை எடுத்துவிடுங்கள். இந்தப் படத் தொகுப்புகளில் கறுத்த தோல் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும். செயலி பச்சை காட்டியது என்பதற்காக உள்ளங்கால் புள்ளியை விட்டுவிடக்கூடாது.

2024 ஜனவரியில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., குடும்ப மருத்துவர்களுக்கென்றே டெர்மாசென்சர் கருவியை அனுமதித்தது. அது படம் எடுப்பதில்லை, ஒளி சிதறுவதை வைத்துச் சொல்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்ட புள்ளிக்கு மட்டும்தான் அனுமதி. ஆய்வில் 100 தோல் புற்றுகளில் சுமார் 96-ஐப் பிடித்தது. புற்றில்லாத 100-ல் சுமார் 21-ஐத்தான் சரியாக விடுவித்தது. இப்படியொரு கருவியை நம் தெருவில் கண்ட மச்சத்துக்கெல்லாம் வைத்தால் என்ன ஆகும்? 1,000 புள்ளிகளில் உண்மையான புற்று ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றைப் பிடிக்க 790 பேரைக் கிலியோடு வீட்டுக்கு அனுப்புவோம். யாருக்கு வைப்பது என்பதைக் கருவி சொல்லாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது, மச்சத்தையும் மருவையும் சூடு வைத்துப் பொசுக்கும் காட்டரியில். பார்லரிலும் நடக்கிறது, கிளினிக்கிலும் நடக்கிறது: “மருதானே, சுட்டுட்டா போச்சு.” சுட்ட சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. மெலனோமாவில் எல்லாம் ஆழத்தைப் பொறுத்தது. எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை. ஆகவே முடிந்தவரை முழுப் புள்ளியையும் 1 முதல் 3 மில்லிமீட்டர் விளிம்போடு எடுப்பதுதான் முறை. நகத்தடியில் இருந்தால் நாம் கைவைக்காமல் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ அனுப்பலாம். வெட்டுவதற்கு முன் எடுத்த படத்தையும் கடிதத்தோடு இணையுங்கள்.

படம் என்றதும் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, வரப்பு வாய்க்கால் எல்லாம் ஒன்றாகக் கரைந்துபோகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், முகமும் பெயரும் வேண்டாம், நோயாளியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கிட்டத்தில் ஒன்று, எந்தக் கால் எந்த விரல் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. “மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று சொன்னால் யாரும் வருவதில்லை. நான் இப்போது சுகர் மாத்திரைச் சீட்டிலேயே ‘இடது கால், படம்’ என்று எழுதிவிடுகிறேன். மாத்திரை தீர்ந்தால் எப்படியும் வருவார்கள்.